அந்த ஹார்ட் டிஸ்க் மட்டமானதல்ல

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை காலை, ராயபுரத்தில் இருக்கும் என் கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்தி வைத்த கொஞ்ச நேரத்தில், ஒருவர் உள்ளே வந்து மேசை மேல் ஒரு சின்னத் துணிப்பையை வைத்தார். வெள்ளை பனியன் துணியில் கையால் தைத்த பை. வாயில் எலாஸ்டிக் கொடுத்துச் சுருக்கியிருந்தது. ஊதுவத்தி வாசனையையும் மீறித் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. அந்தப் பையை எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கும் என்பதும் தெரியும். நிமிர்ந்து ஆளின் முகத்தைப் பார்க்கத்தான் சற்று நேரம் பிடித்தது.

உங்கள் வீட்டுக்காரர். தலை முழுக்க நரைத்துவிட்டது. சரக்கு ஆட்டோவைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் தம்பி. அவ போட்டோ எல்லாம் இதுலதான் கெடக்கு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டுனா ஒரு போட்டோ ஏறுறதுக்குள்ள விடிஞ்சுரும் போல. எம் பொஞ்சாதியைத் தெரிஞ்ச ஆளு நீங்கதான், அதான் உங்ககிட்டயே வந்தேன்."

நான் பையைத் தொடாமல் நின்றேன். அவர் என் தயக்கத்தை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

"நான் வாங்கிக் கொடுத்த மட்டச் சரக்கு தம்பி இது. நல்லதா ஒண்ணு வாங்கியிருந்தா அன்னைக்குக் கம்பெனியில அடிபட்ட அந்தப் புள்ளைக்கு ஒரு வழி பொறந்திருக்கும். உங்களையும் பாதி நாளு உக்கார வச்சுருச்சு. அவ சாகுற வரைக்கும் சொல்லிக் காமிச்சா. 'உங்க டப்பா காலை வாரிவிட்டுருச்சு'ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா. ஆனா எனக்குச் சுருக்குன்னு இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு, தன் வீட்டுச் சாமான் செய்த தவறுக்காக, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலக் கையைக் குவித்தார் அக்கா.

நாம் வீரபாண்டி பனியன் கம்பெனியில் ஒன்றாக இருந்தது நான்கு வருடம். நீங்கள் வெல்ஃபேர் ஆபீசர், நான் சிஸ்டம் ரூமைப் பார்த்துக்கொண்டவன். நீங்கள் சாத்தூர்ப் பக்கத்து ஆள், உங்கள் 'இம்புட்டு', 'அம்புட்டு' எல்லாம் எனக்குச் சிரிப்பாக இருக்கும். என்னுடைய 'ஏனுங்க', 'வாங்' எல்லாம் உங்களுக்குச் சிரிப்பு. ஹாஸ்டல் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி நீங்கள் எடுத்த படங்களை எல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவீர்கள். அப்போது இதே ஹார்ட் டிஸ்க்கில் அவற்றை ஏற்றிக் கொடுப்பேன். சிஸ்டத்தின் பின்பக்கம் உள்ளே நீலமாக இருக்கும் சொருகியில் மாட்டினால், ஐநூறு படம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும். "உங்க கையில பறக்குது தம்பி," என்பீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பேக்கிங் ஹாலின் பின்கதவைப் பற்றி நீங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது அந்தக் கடைசி வருடத்தில்தான். அவசரத்துக்கு வெளியேற வைத்த கதவு அது. குடோனில் இடம் போதவில்லை என்று துணி ரோல்களைக் கொண்டுவந்து அதன் மேல் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். நீங்கள் மேனேஜரிடம் நேரில் சொன்னீர்கள். பிறகு எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் கடிதங்களை டைப் அடித்துக் கொடுத்தவன் நான். 'ஆபத்து' என்று நீங்கள் சொல்ல, 'இடையூறு' என்று போட்டால் கோபப்பட மாட்டார்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆபத்துன்னே போடுங்க தம்பி. அது ஆபத்துதானே?" என்றீர்கள்.

அந்த வியாழக்கிழமை அயர்ன் மேசையின் ஒயர் கருகிப் புகை வந்தது. தீ என்று ஒன்றும் இல்லை. ஆனால் புகை ஹாலை மூடிவிட்டது. பெண்கள் முதலில் ஓடியது பின்கதவுக்குத்தான். ரோல்களை நகர்த்த முடியாமல் திரும்பி, எல்லோரும் ஒரே நேரத்தில் முன்படிக்கட்டில் இறங்கினார்கள். பேச்சி விழுந்தாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். விழுந்தவள் மேல் எத்தனை கால்கள் ஏறிப் போயின என்று யாருக்கும் தெரியாது. வலது முட்டி நொறுங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே ரோல்கள் போன இடம் தெரியவில்லை. கதவைத் துடைத்து, அதற்கு மேல் 'வெளியேறும் வழி' என்ற பச்சைப் பலகையைப் புதிதாக மாட்டினார்கள். கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது, அந்தப் பெண் பதறிப் போய்த் தானாக முன்பக்கம் ஓடி விழுந்தாள் என்று எழுதி வாங்கினார்கள். ஹாலில் இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. நீங்கள் மட்டும் என்னிடம் வந்து மெல்லக் கேட்டீர்கள்.

"கேமராவுல இருக்கும்ல தம்பி?"

"இருக்குங்க்கா. பதினஞ்சு நாளைக்கு நிக்கும். அப்புறம் அது மேலயே புதுசு பதிஞ்சுக்கும்."

அடுத்த வாரம், நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆடிட்டர் கம்பெனியைச் சோதிக்க வருகிறார் என்று தெரிந்ததும் உங்கள் முகம் தெளிந்தது. அவர் கையில் அந்தப் பதிவைக் கொடுத்துவிட்டால், பேச்சியின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டீர்கள். அது சரியான கணக்கு. அதனால்தான் மேனேஜரும் அதையே போட்டிருந்தார்.

ஆடிட்டர் வந்த அன்று காலை மேனேஜர் என் ரூமுக்கு வந்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. தோளில் கை வைத்து, "ஏனுங், அந்தம்மா கேமராப் பதிவைக் காப்பி கேட்டா இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க. குடுங்க. மெல்லமா ஏறட்டும். மூணரைக்கு ஆடிட்டர் ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிருவாரு, அவ்வளவுதானுங்," என்றார்.

அழிக்கச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், அக்கா. இதைப் பல வருடம் எனக்கே சொல்லி ஆறுதல் தேடியிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டது ஒரு பொய்கூட இல்லை என்று அப்போது தோன்றியது. கொஞ்சம் தாமதம். என் மனைவி அப்போது ஆறு மாதம். அதையும் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் அந்த நேரம் அவளை நான் நினைக்கவே இல்லை. தோளில் இருந்த கை எடுபட்டால் போதும் என்றிருந்தது.

பதினோரு மணிக்கு நீங்கள் இந்தப் பையோடு வந்தீர்கள். நான் ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய ஹப்பில் சொருகினேன். ஒரு சொருகியைப் பலவாகப் பிரிக்கும் சாமான், படு மெதுவானது, யாரும் தொடாதது. சர்வர் பேக்கப்பையும் அதே நேரத்தில் ஓடவிட்டேன். வைரஸ் ஸ்கேனையும் தட்டிவிட்டேன். அந்த வியாழக்கிழமைப் பதிவு முழுவதும் ஒரே பெரிய கோப்பு. திரையில் பச்சைக் கோடு தோன்றி, 'பத்து மணி நேரம்' என்று காட்டியது.

ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"என்ன தம்பி, இன்னைக்கு இம்புட்டு மெதுவாப் போகுது?"

"டிஸ்க் சரியில்லீங்க்கா. மட்டமான சரக்காட்ட இருக்குது."

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. நீங்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், சிரித்துக்கொண்டே உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வருடக்கணக்கில் அது அந்த வீட்டில் இருக்கும் என்றும் நினைக்கவில்லை.

நீங்கள் சும்மா உட்காரவில்லை. சாத்தூரில் உங்கள் தங்கை மகனுக்குப் போன் போட்டு யோசனை கேட்டீர்கள். ஒயரை மாற்றிப் பார்க்கச் சொன்னான். மாற்றினேன், ஹப்பை மட்டும் விடவில்லை. பின்பக்கம் நீலச் சொருகி இருந்தால் அதில் மாட்டச் சொன்னான். "எப்பவும் அதுலதானே போடுவீங்க? பின்னாடி மாட்டிப் பாப்போமா?" என்றீர்கள். "அது போன வாரமே போயிருச்சுங்க்கா," என்றேன். வேறு ஏதாவது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் இழுக்கும் என்று அவன் சொன்னதாகச் சொன்னீர்கள். நான் திரையை லேசாகத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் ஓடவில்லை என்றேன். கடைசியில், "இதுல ஓட்டுங்க, நான் என் போன்லயாவது படம் புடிச்சுக்கிடுறேன்," என்றீர்கள். "இப்ப ஓட்டுனா காப்பி பாதியில நின்னு போயிருமுங்க்கா." அன்றைக்குச் சொன்னதிலேயே எனக்கு மிகச் சுலபமாக வந்த பொய் அது. அதற்குள் பழகிவிட்டிருந்தது.

மதியம் நீங்கள் சாப்பிடப் போகவில்லை. என்னை மட்டும் அனுப்பினீர்கள். "நான் பாத்துக்கிடுறேன், நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, பாவம்," என்றீர்கள். நான் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பசித்தது. நன்றாகவே சாப்பிட்டேன்.

மூன்றரைக்குக் கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். கோடு பாதியைத் தாண்டவில்லை. நீங்களே கையை நீட்டி ஒயரை உருவினீர்கள். டிஸ்க்கைப் பையில் போட்டு எலாஸ்டிக்கை இழுத்துவிட்டு, "உங்களையும் சிரமப்படுத்திட்டேன் தம்பி," என்றீர்கள். பிறகு படியில் இறங்கிப் போனீர்கள்.

மறுநாள் காலை உங்களை ஹாஸ்டல் பொறுப்புக்கு மாற்றினார்கள். என் ரூமுக்கு வர அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். பதினாறாம் நாள் அந்தப் பதிவின் மேல் வேறு ஒரு வியாழக்கிழமை பதிந்தது. பேச்சியை ஊருக்கு அனுப்பினார்கள். சில மாதத்தில் நீங்களும் நின்றுவிட்டு, மண்ணரையில் ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் பார்க்கப் போனீர்கள். அதிகாரியாக இருந்தவர் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டு நூல் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒருவர் வந்து சொன்னார். நான் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

உங்களைக் காமாலை கொண்டுபோன செய்தி வந்தபோது நான் கம்பெனியை விட்டு இந்தக் கடையைப் போட்டிருந்தேன். மண்ணரைக்கு வந்தேன். உங்கள் தெருவுக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரி வாசலில், கையில் மாலையோடு நின்றேன். ஜெபம் கேட்டது. வண்டி கிளம்பியதும் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக் கவரில் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று நாள் அது வண்டியிலேயே கிடந்து காய்ந்தது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். தினமும் யாராவது வந்து, "ஏனுங்க, காப்பி ஏன் இப்படி மெல்லப் போவுது?" என்று கேட்பார்கள். சொருகியைப் பார், ஒயரைப் பார், பக்கத்தில் என்ன ஓடுகிறது பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். சொல்லும்போதே இடப்பக்கம் ஸ்டூலில் நீங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். பச்சைக் கோடு எங்காவது நின்றால், உங்கள் மூச்சு கேட்கும். நீங்கள் கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. ஸ்டூலை எடுத்துப் பரணில் போட்டேன். என் மனைவி, வருகிறவர்கள் எதில் உட்காருவார்கள் என்று மறுபடியும் இறக்கி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு டிஸ்க்கை மாட்டினேன். கடையிலேயே வேகமான சிஸ்டத்தின் நீலச் சொருகியில், புது ஒயரில். பச்சைக் கோடு வந்தது. நகரவில்லை.

வேறு சொருகி மாற்றினேன். வேறு சிஸ்டம் மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். அன்றைக்கு நீங்கள் கேட்டதை எல்லாம் கேட்ட வரிசையிலேயே செய்துகொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. இந்த முறை என் கையில் ஒரு தவறும் இல்லை, ஆனாலும் அது நகரவில்லை. டிஸ்க்கின் நிலையைச் சோதித்துப் பார்த்தேன். வயதாகி, உள்ளே இடம் இடமாகக் கெட்டுப்போயிருந்தது. கெட்ட இடத்தைப் படிக்கத் திரும்பத் திரும்ப முயன்று திணறியது. நான் சொன்ன பொய் இத்தனை வருடம் கழித்து உண்மையாகியிருந்தது.

இப்படிப்பட்ட டிஸ்க்கை அவசரப்படுத்தினால் செத்துவிடும். நல்ல இடங்களை முதலில் படித்து, கெட்ட இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு நாள் ஆனது. பிறந்தநாள் கேக்குகள் வந்தன. உங்கள் மகள் பள்ளிச் சீருடையில் வந்தாள். வியாழக்கிழமை மதியம், பாதியில் அறுந்த அந்தப் பெரிய கோப்பும் வந்தது.

அப்படியே திறக்காது. வால் இல்லாத கோப்பைச் சரிசெய்து திறக்க வைக்க ஒரு வழி உண்டு. அது எனக்கு அன்றைக்கும் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்போது செய்தேன். புகை வருவதற்கு வெகு முன்பே பதிவு நின்றுவிடுகிறது. ஆனால் காலை எட்டரைக்கு, பின்கதவுக்கு முன்னால், நீங்கள் வருகிறீர்கள்.

சத்தம் இல்லாத படம். நீங்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு ரோலை இரண்டு கையாலும் தள்ளுகிறீர்கள். அது அசைகிறது. இன்னொன்றைத் தள்ளுகிறீர்கள். கதவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. சூப்பர்வைசர் வந்து கையை ஆட்டுகிறார். நீங்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறீர்கள். இரண்டு ஆட்கள் வந்து ரோல்களை மறுபடி கதவின் மேல் சாய்க்கிறார்கள். வெளிச்சம் மறைகிறது.

பாதிக் கோப்பிலேயே எல்லாம் இருந்தது. நீங்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டே செத்துப்போனீர்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் வந்தார். முதலில் கல்யாணத்துக்கான படங்களைக் காட்டினேன். பிறகு இதைப் போட்டேன். நீங்கள் நடந்து வந்ததும், "அட, நடக்குறா," என்றார். விரலால் திரையைத் தொட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். படம் நின்றதும் நான் சொன்னேன். ஹப்பில் தொடங்கி, கேண்டீனில் சாப்பிட்டது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க டிஸ்க்குல அன்னைக்கு ஒரு குறையும் இல்லீங்ணா. நாந்தான்," என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எங்கிட்டச் சொல்லிட்டீங்க," என்றார். "அவகிட்ட யாரு சொல்றது?"

எழுந்து போகும்போது திரும்பாமலே, "இத ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணு முட்டி ஒடஞ்ச அந்தப் புள்ளைக்கு," என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்தார். மறுநாள் படங்களை வாங்க உங்கள் மகள்தான் வந்தாள். கல்யாணப் பத்திரிகைக் கட்டு அவள் கையில் இருந்தது. எனக்கு ஒன்று எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்னால் வாங்கியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். பேச்சி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். வலது கால் மடங்காது என்பதால் இடது காலால் மிஷினை மிதிக்கிறாள். நான் கொண்டுபோன லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "எம்மா, இங்க வா. கதவ அடைச்சு வச்சிருந்தாகன்னு சொன்னேன்ல? நீ நம்பலேல்ல? இங்க வந்து பாரு," என்று கத்தினாள். இத்தனை வருடம், பதறிப் போய் ஓடிக் காலை உடைத்துக்கொண்டவள் என்றுதான் அவளைச் சொந்த வீடே நினைத்திருக்கிறது. அவள் அம்மா வந்து நின்று பார்த்தார். தரையில் உட்கார்ந்து, மகளின் முட்டியில் கை வைத்துக்கொண்டார்.

இது இப்போது எப்படிக் கிடைத்தது என்று பேச்சி கேட்டாள். அவளிடமும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

காப்பி ஏற்றியிருந்த பென் டிரைவை நீட்டினேன், வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"இத எங்க தெருவுல எல்லாருக்கும் போட்டுக் காட்டலாமாண்ணே?"

"காட்டு கண்ணு."

"நீங்க செஞ்சதயும் சேத்துச் சொல்லலாமா?"

"சொல்லு."

சரி என்று தலையாட்டிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மறுபடி எடுத்தாள்.

அந்தத் தெருவுக்கு இப்போது என்னைத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுக்குத் தெரியும். நேற்று என் மனைவிக்கும் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டிய ஆள் நீங்கள். உங்களுக்குக் கடைசியில் எழுதுகிறேன். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பது தெரிந்த பிறகுதான் எழுதவே துணிந்திருக்கிறேன். என்னிடம் மிச்சம் இருக்கும் துணிச்சல் அவ்வளவுதான், அக்கா.